பழைய மடிக்கணினியும் அதன் ஒளித்திரையும்

மடிக்கணினி ஒன்று பழுதடையும்பொழுது அதன் உறுப்புகள் யாவும் ஒருங்கே பழுதடைவதில்லை. தாய்ப்பலகையில் தேநீர் சிந்தியிருக்கலாம், மின்கலம் வீங்கியிருக்கலாம், மூடியைத் தாங்கும் பிணைச்சல் முறிந்திருக்கலாம். இவற்றுள் யாதேனும் ஒன்று நேர்ந்து, திருத்துவதற்காகும் செலவு புதியதொன்றின் விலையை அணுகிவிடுமாயின், கணினி முழுவதுமே அலுமாரியின் அடித்தட்டுக்கோ பழைய சாமான் வாங்குவோரின் சாக்குக்கோ போய்ச் சேருகின்றது. அதன் மூடிக்குள் இருக்கும் திரையோ பல வேளைகளில் எக்குறையும் இன்றி இருக்கின்றது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தார் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கினர் என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த நிறுவனங்கள் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அக்குவியலுள் நல்ல திரைகளும் கலந்து கிடக்கின்றன.

அத்தகைய திரையைக் கழற்றியெடுத்து, மேசைமீது தனியே நிறுத்தி, வேறொரு கணினியோடு இணைத்துப் பயன்படுத்தலாகாதா என்ற வினா பலருக்கு எழுவது இயல்பே. பயன்படுத்தலாம் என்பதே விடை. ஆனால், திரைக்கும் வெளிக்கணினிக்கும் இடையே ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகை வேண்டும். கடைக்காரர் அதனைக் 'கொன்ட்ரோலர் போட்' என்பர். சாதாரணமான திரவப் பளிங்குத் திரைக்கு இப்பலகையைத் தேடிப் பெறுவது எளிது. ஓலெட் எனப் பெயர்பெற்ற புதுவகைத் திரைக்கு உரிய பலகையைத் தேடுவதோ அத்துணை எளிதன்று. கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வகையான கறுப்புக் கண்ணாடிகளே. அவ்வாறிருந்தும் ஒன்றுக்குப் பொருந்தும் பலகை மற்றொன்றுக்குப் பொருந்தாது போவது எதனால் என்பதை விளங்கிக்கொண்டோர், காசையும் வீணாக்கார். நல்ல திரையொன்றைக் கருக்கிவிடவும் மாட்டார்.

முதலில் இவ்விரு திரைகளும் எவ்வாறு ஒளி தருகின்றன என்பதைக் காண்போம். திரவப் பளிங்குத் திரைக்குத் தன்னொளி இல்லை. அதன் பின்னே ஒரு விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னே உள்ள இலட்சக்கணக்கான நுண்ணிய கதவுகள் அவ்வொளியை வேண்டிய அளவுக்கு விட்டும் மறித்தும் படத்தை உண்டாக்குகின்றன. ஓர் அறையில் பெற்றோமக்ஸ் விளக்கை ஏற்றிவைத்து, யன்னற் கதவுகளைத் திறந்தும் சாத்தியும் வெளியே உள்ளவருக்குக் கோலம் காட்டுவதை ஒத்தது இது. கதவை எவ்வளவுதான் இறுகச் சாத்தினும் இடுக்கினூடே சிறிது ஒளி கசியும். ஆதலினால் அத்திரையில் கறுப்பு நிறம் முழுக் கறுப்பாக அமைவதில்லை.

ஓலெட் திரையின் முறை வேறு. விளக்கீட்டு நாளன்று வீட்டு முற்றத்தில் வரிசை வரிசையாக ஏற்றிவைக்கும் சிட்டி விளக்குகளை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு சிட்டியும் தன் ஒளியைத் தானே தருவது. ஒன்றை அணைத்தால் அவ்விடம் இருள். ஓலெட் திரையிலும் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு தனி விளக்கு. பின்னொளி என்பது அதற்குக் கிடையாது. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கே எரியாது. இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பின்னர் வரும் சிக்கல்கள் பலவும் பிறக்கின்றன.

இதன் முழுப்பெயர் சேதன ஒளிகாலும் இருவாயி என்பதாகும். கரிமத்தை அடிப்படையாகக் கொண்ட சேதனச் சேர்வைகளின் மெல்லிய படைகளுக்கூடாக மின்னோட்டம் பாயும்பொழுது அவை ஒளிர்கின்றன. அமெரிக்காவில் ஈஸ்ற்மன் கொடாக் கம்பனியின் ஆய்வாளர்களான சிங் தாங், ஸ்ரீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர் 1987 ஆம் ஆண்டில் இது பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படைகளை இட்டு, 10 வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தத்திலேயே நல்ல ஒளியைப் பெறலாம் என்று அவர்கள் காட்டினர். படைகள் இரண்டும் சேர்ந்தும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்புக்கூட இல்லை. தாங் அதற்கு முன் சேதனச் சேர்வைகளைக் கொண்டு சூரிய மின்கலம் ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தவர். ஒளியிலிருந்து மின்னைப் பெறும் ஆய்வும் மின்னிலிருந்து ஒளியைப் பெறும் ஆய்வும் ஒருவர் கையிலேயே கூடிவந்தது கருதத்தக்கது. புகைப்படச் சுருளால் உலகப் பெயர்பெற்ற அக்கம்பனி 2009 ஆம் ஆண்டில் தன் ஓலெட் தொழிலைக் கொரியாவின் எல்.ஜீ. குழுமத்துக்கு விற்றது, 2012 இல் முறிவுப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கண்டவர் ஓரிடம், ஆண்டவர் மற்றோரிடம்.

2007 ஆம் ஆண்டில் யப்பானின் சோனி கம்பனி 11 அங்குல ஓலெட் தொலைக்காட்சியொன்றை விற்பனைக்கு விட்டது. கைத்தொலைபேசிகளில் இத்திரை விரைவில் பரவிற்று. மடிக்கணினிக்கு அது வந்தது சற்றுப் பிந்தியே. 2016 இல் லெனோவோவின் திங்க்பாட் எக்ஸ்1 யோகா முதலிய சில மாதிரிகளில் அது இடம்பெற்றது; 2019 இல் சாம்சுங் நிறுவனம் 15.6 அங்குல மடிக்கணினித் திரைகளைப் பெருமளவில் ஆக்கப்போவதாக அறிவித்த பின்னர் பல கம்பனிகளும் அதனைக் கைக்கொண்டன. அவ்வாறு வந்த கணினிகளுட் சில இப்பொழுது பழுதடையும் வயதை அடைந்துவிட்டன. திரைக்குப் பலகை தேடுவோர் தொகை இக்காலத்தில் மிகுந்து வருவதன் காரணம் இதுவே.

இனி, பலகை எதற்கு என்ற வினாவுக்கு வருவோம். வெளிக்கணினியோ தொலைக்காட்சிப் பெட்டியோ படத்தை எச்.டீ.எம்.ஐ. என்ற முறையில் அனுப்புகின்றது. மடிக்கணினித் திரைக்கு அம்மொழி தெரியாது. அது தன் தாய்ப்பலகையோடு மட்டும் பேசிப் பழகியது. முற்காலத்தில் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர் இருந்தார். துரை பேசுவது குடியானவனுக்கு விளங்காது. குடியானவன் பேசுவது துரைக்கு விளங்காது. இடையே நின்றவர் முதலியார். கட்டுப்பாட்டுப் பலகை செய்வது அத்தொழிலையே. அன்றியும், வரும் படம் சிறிதாயின் திரையின் அளவுக்கு விரித்தும், பெரிதாயின் சுருக்கியும் கொடுப்பது அதன் கடமை. திரைக்கு வேண்டிய மின்வலுவை உரிய வேளையில் உரிய ஒழுங்கில் வழங்குவதும் அதுவே.

திரை பேசும் மொழியும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் மடிக்கணினித் திரைகள் எல்.வி.டீ.எஸ். என்ற முறையைப் பயன்படுத்தின. பின்னர், 2008 ஆம் ஆண்டின் இறுதியில், ஈ.டீ.பி. என்ற புதுமுறை வகுக்கப்பட்டது. 2010 டிசெம்பரில் இன்ரெல், ஏ.எம்.டீ. ஆகிய கம்பனிகள் டெல், லெனோவோ, சாம்சுங், எல்.ஜீ. என்பனவற்றோடு சேர்ந்து, பழைய எல்.வி.டீ.எஸ். முறையை 2013 அளவில் கைவிடப்போவதாக அறிவித்தன. மடிக்கணினிக்கு ஓலெட் திரை வந்தது இதற்குப் பின்னரேயாதலின், அவை ஈ.டீ.பி. முறையிலேயே பேசுகின்றன. சந்தையில் மலிவாகக் குவிந்து கிடக்கும் பலகைகளுட் பல பழைய முறைக்கு உரியன. எம்.என்.ரி. 68676 என்ற எண் பொறித்த பலகை இதற்கு நல்ல உதாரணம். அது எல்.வி.டீ.எஸ். திரைக்கு நெடுங்காலம் நற்பணி புரிந்தது. ஓலெட் திரைக்கு அதனால் எப்பயனும் இல்லை. விலை குறைவு என்று அதனை வாங்கியோர் முதலிற் காண்பது, இணைப்பியே பொருந்தவில்லை என்பதைத்தான். பொருந்தாமற் போவது அவர்களுக்கு நல்லதே.

ஈ.டீ.பி. என்று எழுதியிருந்தாலும் அது போதாது. தகவல் செல்லும் பாதைகள் எத்தனை என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் உள்ள திரையில் ஏறக்குறைய 83 இலட்சம் படப்புள்ளிகள் உள. ஒவ்வொன்றின் நிறத்தையும் குறிக்க 24 பிட் தகவல் வேண்டும். படம் ஒரு செக்கனில் 60 முறை புதுப்பிக்கப்படுகின்றது. பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 1,194 கோடி பிட் என்றாகும். ஈ.டீ.பி. முறையில் ஒரு பாதை செக்கனுக்கு 540 கோடி பிட் வீதம் ஓடுமாயின், பத்துக்கு எட்டே பயனுள்ள தகவலாகையால், 432 கோடி பிட்டே திரைக்குக் கிடைக்கும். இரண்டு பாதை உள்ள பலகை 864 கோடியையே கொண்டு செல்லும், அது போதாது. நான்கு பாதை உள்ள பலகை 1,728 கோடி வரை கொண்டு செல்லும், அது போதும். 1920 க்கு 1080 என்ற அளவுடைய திரைக்கோ செக்கனுக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டே தேவை. 270 கோடி வீதம் ஓடும் இரண்டு பாதைகளே அதற்குத் தாராளம். ஒரே பெயரில் விற்கப்படும் இரு பலகைகளின் விலை ஏன் வேறுபடுகின்றது என்பதற்கு இக்கணக்கே பெரும்பாலும் விடையாகும்.

எச்.டீ.எம்.ஐ. வழியாக வரும் படத்துக்கும் இதுபோன்ற எல்லை உண்டு. 1.4 என்ற பதிப்பில் அப்பெரிய படத்தைச் செக்கனுக்கு 30 முறையே அனுப்பலாம். 60 முறை அனுப்புவதற்கு 2013 இல் வந்த 2.0 பதிப்பு வேண்டும். பலகையின் வெளிப்புறத் துளை எப்பதிப்பைச் சேர்ந்தது என்று கேட்காமல் வாங்குவோர், சுட்டியை அசைத்தவுடன் அது விட்டுவிட்டு ஓடுவதைக் கண்டு திரையைக் குறைகூறுவர். திரையில் குற்றமில்லை.

இங்கு இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. ஈ.டீ.பி. என்பது டிஸ்பிளேபோட் என்ற வெளிமுறையின் உடன்பிறப்பு. ஆதலால் கணினியில் டிஸ்பிளேபோட் துளை இருக்குமாயின், மொழிபெயர்ப்பின்றியே சமிக்ஞைகளைத் திரைக்குக் கொண்டுசெல்ல முடிவதுண்டு. 2012 இல் வெளிவந்த மூன்றாவது ஐபாட்டின் திரவப் பளிங்குத் திரையை ஆர்வலர் பலர் இவ்வாறு, மின்வலுவும் பின்னொளியும் மட்டும் வழங்கும் எளிய பலகையொன்றின் துணையோடு, தனித்திரையாக்கினர். எளிமையே இதன் சிறப்பு. ஆயினும் படத்தை விரித்துச் சுருக்கித் தருவார் இடையில் இல்லாமையால், திரையின் இயல்பான அளவிலேயே கணினி படத்தை அனுப்பவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்கோ விளையாட்டுக் கருவிக்கோ இவ்வழி உதவாது.

இதுவரை கூறியவை ஈ.டீ.பி. திரை எதற்கும் பொருந்துவன. ஓலெட் திரைக்கே உரிய இடர் பிரகாசத்தில் இருக்கின்றது. திரவப் பளிங்குத் திரையில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது பின்னொளியைக் கூட்டிக் குறைப்பதே. அதற்கென ஒரு தனிக் கம்பி உண்டு. அக்கம்பியில் மின்துடிப்புகளை அகலமாகவோ ஒடுக்கமாகவோ அனுப்பினால் விளக்கு அதற்கேற்ப ஒளிரும். ஓலெட்டில் பின்னொளி இல்லையே; அக்கம்பி எதனைக் கட்டுப்படுத்தும்? ஆகவே மடிக்கணினி ஓலெட் திரைகளில் பிரகாசம் பற்றிய கட்டளை, ஈ.டீ.பி. இணைப்பில் உள்ள துணைப்பாதை வழியாக எண்களாகச் செல்கின்றது. திரையினுள் இருக்கும் பதிவேடொன்றில் அந்த எண் எழுதப்பட்டதும் திரை தன் புள்ளிகளின் ஒளியைத் தானே மாற்றிக்கொள்கின்றது. பழைய முறையை மட்டும் அறிந்த பலகை வெறுமையான கம்பியில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். திரையோ விழித்தெழுந்தபொழுது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே நிற்கும். பொத்தானை அழுத்தினால் திரையில் அளவுகோல் ஏறி இறங்குவது தெரியும். பிரகாசம் மட்டும் மாறாது.

இவ்விடர் பலகை ஆக்குவோருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2016 இல் வந்த மேற்சொன்ன லெனோவோ கணினியை லினக்ஸ் இயக்கமுறையில் ஓட்டியோர், திரையின் பிரகாசத்தைக் குறைக்க வழியின்றித் திண்டாடினர். அக்காலத்து லினக்ஸ், பின்னொளிக் கம்பியையே தேடிற்று. படத்தின் நிறங்களையே மங்கலாக்கி ஒருவாறு சமாளித்தவர் பலர். அதனை இன்றும் செய்யலாம். ஓலெட்டில் நிறம் மங்கினால் ஒளியும் உண்மையாகவே குறையும். ஆனால் நிறங்களின் நுண்ணிய படிகள் அதில் இழக்கப்படும். துணைப்பாதை வழியாகக் கட்டளை அனுப்பும் வசதி பின்னரே லினக்ஸில் சேர்க்கப்பட்டது. எனவே, பலகை விற்போரிடம் கேட்க வேண்டிய முதல் வினா 'இது இந்தத் திரையில் படம் காட்டுமா' என்பதன்று. 'இதனைக் கொண்டு இந்தத் திரையின் பிரகாசத்தை மாற்றலாமா' என்பதே. படம் காட்டும் என்று எவரும் சொல்லிவிடுவர். இரண்டாவது வினாவுக்குத் தயங்காமல் விடை சொல்பவர், அதே திரையை முன்பு கையாண்டவராக இருப்பார்.

மின்வலுவிலும் வேற்றுமை உண்டு. மடிக்கணினித் திரைகளின் உள்மின்சுற்றுக்குப் பொதுவாக 3.3 வோல்ற்று வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகைகளோ பலவகைத் திரைகளுக்கும் உதவும்பொருட்டு 3.3, 5, 12 என்னும் மூன்று அழுத்தங்களையும் தரக்கூடியனவாக ஆக்கப்படுகின்றன. எது வேண்டும் என்பதைப் பலகையில் உள்ள ஒரு சிறு பாலத்தை இடம்மாற்றி அமைக்கவேண்டும். ஒரு நகத்தளவுகூட இல்லாத அந்தப் பாலம் 12 இல் இருக்கும்பொழுது திரையை இணைத்து மின்னைத் தந்துவிட்டால் திரை அக்கணமே அழிந்துவிடும். அதற்குப் பின் எந்தப் பலகையை வாங்கியும் பயனில்லை. திரையை இணைக்கு முன்னரே பலகைக்கு மட்டும் மின் கொடுத்து, வெளிவரும் அழுத்தத்தை மல்ரிமீற்றரால் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. உள்மின்சுற்றின் தேவையைத் தவிர, ஒளிர்படைகளுக்கெனத் தனியே மின்வலு வேண்டும். சில திரைகள், முன்பு பின்னொளிக்கென ஒதுக்கப்பட்டிருந்த முனைகளின் வழியே அதனைப் பெறுகின்றன. பின்னொளி இல்லைதானே என்று அம்முனைகளை வெறுமையாக விட்டால், திரை கணினியோடு பேசும், ஒளிதான் வராது.

இவை யாவற்றுக்கும் திறவுகோல் திரையின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டு. கணினியின் மாதிரிப் பெயரைக் கொண்டு பலகை தேடுவது தவறு. ஒரே மாதிரிக் கணினியில் இரண்டு மூன்று கம்பனிகளின் திரைகள் பொருத்தப்படுவதுண்டு. சீட்டில் உள்ள எண்ணே திரையின் உண்மையான பெயர். சாம்சுங்கின் மடிக்கணினி ஓலெட் திரைகளின் பெயர் ஏ.ரி.என்.ஏ. என்ற நான்கெழுத்தில் தொடங்கும். அவற்றையடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் அளவைக் காட்டும்: 33 என்றால் 13.3 அங்குலம், 40 என்றால் 14, 56 என்றால் 15.6. அதன்பின் வரும் எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒன்றும் விடாமற் குறித்துக்கொள்ளவேண்டும். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலும் திரை வேறாக இருக்கக்கூடும். கணினி இன்னும் சிறிது உயிரோடிருந்தால், திரையைக் கழற்றாமலே அதன் விவரத்தைக் கணினி வாயிலாக அறியலாம். ஒவ்வொரு திரையும் தன் ஆக்குநர் யார், தன் அளவு என்ன என்பவற்றை 128 பைற்று கொண்ட சிறு குறிப்பொன்றில் தன்னகத்தே வைத்திருக்கின்றது, கேட்டால் சொல்லும்.

எண் கிடைத்ததும் அடுத்தது வடம். கணினிக்குள் இருந்த பழைய வடம் பயன்படாது. அதன் ஒருமுனை திரைக்குப் பொருந்தினும் மறுமுனை ஒவ்வொரு கம்பனியின் தாய்ப்பலகைக்கும் தனித்தனியாக அமைக்கப்பட்டது. ஈ.டீ.பி. திரைகளின் இணைப்பிகளில் 30 முனை உள்ளவையும் உண்டு. 40 முனை உள்ளவையும் உண்டு. முனைக்கு முனை உள்ள இடைவெளி சிலவற்றில் அரை மில்லிமீற்றர், சிலவற்றில் 0.4 மில்லிமீற்றர். கண்ணுக்கு இவ்வேறுபாடு தோன்றாது. வடத்தைத் தலைகீழாகச் செருகினாலோ ஒரு முனை தள்ளிச் செருகினாலோ, ஒளிக்குரிய 12 வோல்ற்று தகவற் கம்பியில் ஏறிவிடும். ஆதலால் பலகையையும் வடத்தையும் ஒரே வணிகரிடம் ஒரே திரைக்கென்று சொல்லி வாங்குதல் நன்று. இரண்டை இரண்டிடத்தில் வாங்கிச் சேமிக்கும் சிறு தொகை சேமிப்பன்று.

பலகையினுள் ஒரு செயல்நிரல் பதியப்பட்டிருக்கும். திரையின் அளவு, பாதைகளின் எண்ணிக்கை, வேகம், மின்வலு ஏறும் ஒழுங்கு என்பன அதில் அடங்கும். தாய்வானின் ரியல்ரெக் முதலிய கம்பனிகளின் சில்லுகளைக் கொண்டு ஆக்கப்பட்ட ஒரே பலகை, செயல்நிரலை மாற்றினால் பல திரைகளுக்கு உதவும். மாற்றாவிடின் ஒன்றுக்குமே உதவாமற் போகலாம். சீனாவின் சென்சென் நகரில் ஹுவாச்சியாங்பெய் என்றொரு பெரும் மின்னணுச் சந்தை உண்டு. இப்பலகைகளை விற்போர் பலர் அச்சந்தையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர். திரைச் சீட்டின் தெளிவான படமொன்றை அனுப்பினால், அதற்குரிய செயல்நிரலைப் பதித்தே பலகையை அனுப்பும் வழக்கம் அவர்களிடம் உள்ளது. படத்தைக் கேளாமலே 'எல்லாத் திரைக்கும் பொருந்தும்' என்று சொல்லும் வணிகரை விட்டு விலகுதல் நலம்.

பலகை தேடும் உழைப்பே வேண்டாத ஒரு வழியும் உண்டு. அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழுதடைந்தது விசைப்பலகையோ பிணைச்சலோ மின்கலமோ மட்டுமாயின், தாய்ப்பலகை நன்றாகவே இருக்கும். அத்திரையோடு பேசுவதற்கென்றே பிறந்த பலகை அதுவன்றோ! வீங்கிய மின்கலத்தை அகற்றிவிட்டு, தாய்ப்பலகையைத் திரையின் பின்னே ஒரு பெட்டியில் அடக்கி, முழுமையான மேசைக்கணினியாகவே அதனைப் பயன்படுத்தலாம். பிரகாசமும் முன்போலவே மாறும். வடமும் பழையதே போதும்.

இவ்வளவு முயற்சிக்கும் திரை தகுதியுடையதா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ளல் வேண்டும். சேதனப் படைகளுக்கு நீராவியும் ஒட்சிசனும் பகை. அதனாலேயே அவை காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டுள்ளன. திரவப் பளிங்குத் திரையில் ஓரத்தில் வெடிப்பு விழுந்தால் எஞ்சிய பகுதி சில காலம் வேலைசெய்யும். ஓலெட்டில் வெடிப்பினூடே காற்று புகுந்ததும் கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். அத்தகைய திரைக்குச் செலவழிப்பது ஆற்றில் போட்டதாகும். மேலும், எரியும் விளக்கு எதுவும் தேய்வது போல ஒவ்வொரு படப்புள்ளியும் தேய்கின்றது. நீல நிறம் தருவன ஏனையவற்றிலும் விரைவாகத் தேய்கின்றன. ஆண்டுக்கணக்காக அடிப்புறத்தில் ஒரே பட்டை தோன்றிக்கொண்டிருந்த திரையில் அப்பட்டையின் நிழல் நிலையாகப் பதிந்திருக்கும். சாம்பல் நிறம் ஒன்றையே திரை முழுதும் பரப்பிப் பார்த்தால் அது புலப்படும். கணினி ஓடும் நிலையில் உள்ளபொழுதே இச்சோதனையைச் செய்துவிடலாம். திரைப்படம் பார்ப்பதற்கு இந்நிழல் பெருந்தடையன்று. நிறங்களைத் துல்லியமாகக் கணிக்க வேண்டிய ஓவியருக்கோ அச்சாளருக்கோ அத்திரை உதவாது.

இத்தனை தேடலுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு. எந்த முனையில் எந்த அழுத்தம், எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டளை என்பவற்றைக் கூறும் விவரத்தாள் ஒவ்வொரு திரைக்கும் இருக்கின்றது. ஆனால் ஆக்குநர் அதனை 'இரகசியம்' என்று முத்திரையிட்டுத் தம் பெருவாடிக்கையாளருக்கு மட்டுமே கொடுக்கின்றனர். திரையை ஆக்கும் நுட்பத்தை மறைப்பதில் நியாயம் இருக்கலாம். விலைகொடுத்து வாங்கியவர் தம் பொருளின் முனைகளுக்கு எவ்வளவு மின் கொடுப்பதென்று அறியக்கூடாது என்பதில் என்ன நியாயம் உண்டு? பிரான்சு நாட்டில் 2021 ஆம் ஆண்டு தொடக்கம் மடிக்கணினி உட்படச் சில பொருள்கள், திருத்துவதற்கு எவ்வளவு எளியன என்று பத்துக்குப் புள்ளியிட்டே விற்கப்படவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழில்நுட்ப விவரங்களைக் கொடுப்பதற்கும் அதில் புள்ளி உண்டு. ஆயினும் அது கணினியைத் திருத்துவதைப் பற்றியதே. கணினி இறந்தபின் திரையை வேறொன்றாக்குவோரை அச்சட்டம் கருதவில்லை.

வேண்டியவை யாவும் வந்து சேர்ந்தபின் இணைக்கும் வேலை அரைமணி நேரத்துக்கு மேற்படாது. மூடியிலிருந்து திரையைக் கழற்றுவதுதான் பொறுமைக்குரியது. திருகாணி இன்றிப் பசைநாடாவால் ஒட்டப்பட்ட திரைகளே மிகுதி. நெம்பித் தூக்கினால் கண்ணாடி வெடிக்கும். சிலவற்றில் நாடாவின் நுனி கீழ் விளிம்பில் மறைந்திருக்கும். அதனைப் பற்றி மெல்ல மெல்ல இழுத்தால் இரப்பர் போல் நீண்டு வெளியே வந்துவிடும். மற்றவற்றை இளஞ்சூடு காட்டி இளக்கவேண்டும். கழற்றிய திரையை மெத்தென்ற துணியில் முகங்கவிழ வைத்து, பாலத்தின் நிலையையும் அழுத்தத்தையும் சரிபார்த்து, மின்னைத் துண்டித்து, பலகையில் தங்கியுள்ள மின் வடிவதற்குச் சற்று நேரம் விட்டு, வடத்தைச் செருகவேண்டும். மின் ஓடிக்கொண்டிருக்கையில் வடத்தைச் செருகுவதோ பிடுங்குவதோ ஒருபோதும் ஆகாது. பின்னர் மின் கொடுத்ததும் முதற்சில கணங்களுக்குத் திரை இருண்டே இருக்கும். திரவப் பளிங்குத் திரையாயின் பின்னொளியின் மங்கிய கசிவைக் கண்டு மின் வந்ததென்று அறியலாம். ஓலெட்டில் அவ்வடையாளம் இல்லை. படம் வரும்வரை அது அணைந்த திரை போலவே கிடக்கும். இருளைக் கண்டு பதறி வடத்தைப் பிடுங்காமல், வெளிக்கணினியிலிருந்து வெண்ணிறப் படமொன்றை அனுப்பிப் பார்ப்பதே முறை.